நூலகச் சுவரில் என் தூக்கம்

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து அப்பாவுக்கு எழுதுவது,

வணக்கம். நான் நலம். இந்நேரம் நீங்கள் பிஸ்கட் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். அம்மா குக்கர் விசில் அடித்துவிடாமல் பக்கத்திலேயே நின்று காவல் காத்துக்கொண்டிருப்பாள். இருவரும் அப்படியே நலமாக இருக்க வேண்டும்.

எழுத வந்த விஷயம், எங்கள் பல்கலைக்கழக நூலக வாரத்துக்கு நீங்கள் வர வேண்டாம். அழைப்பிதழை அனுப்பியது நானேதான், "சனிக்கிழமை பரிசளிப்புக்கு லீவு போட்டுட்டு வர்றேன்மா" என்று நீங்கள் போனில் சொன்னபோது சரி என்றதும் நானேதான், ஆனாலும் வேண்டாம். பேருந்து நிறுத்தத்திலிருந்து நூலகம்வரை சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். லிப்ட் வேலை செய்யவில்லை. கண்காட்சி என்ற பெயரே தவிர, பார்க்க அப்படி ஒன்றும் இல்லை அப்பா. தீப்பெட்டி அளவில் ஓர் அகராதி வைத்திருக்கிறார்கள், கூடவே ஒரு பூதக்கண்ணாடியும் வைத்தார்கள், அதை முதல் நாளே யாரோ எடுத்துப் போய்விட்டார்கள், இப்போது எல்லோரும் உள்ளே எழுத்து இருக்கிறது என்று நம்பிவிட்டு நகர்கிறார்கள். புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முதுகில் இருக்கும் தலைப்புகளைச் சேர்த்துப் படித்தால் கவிதை வர வேண்டும் என்று ஒரு போட்டி. வேதியியல் மாணவர்கள் 'அமிலங்கள்', 'இல்லறம்', 'தீயணைப்பு வழிமுறைகள்' என்று அடுக்கிப் பரிசை அள்ளிவிட்டார்கள். இதற்காக நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வர வேண்டுமா?

சரி அப்பா. சாலை நன்றாகத்தான் இருக்கிறது. லிப்ட்டும் ஓடுகிறது. நேரில் என்றால் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, காகிதம் என்பதால் சொல்கிறேன். புகைப்படப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய படம் வாசிப்புக்கூடத்தின் வாசலில், கதவு உயரத்துக்குப் பெரிதாக்கித் தொங்குகிறது. தலைப்பு 'ஆழ்ந்த வாசிப்பு'. அதில் ஒரு பெண் பொருளியல் புத்தகத்தின்மேல் கன்னத்தை வைத்து, வாயைத் திறந்தபடி தூங்குகிறாள். அது நான்.

எடுத்தவன் முதலாண்டு மாணவன், எப்போதும் கழுத்தில் கேமராவோடு திரிவான். "ஏம்ப்பா, என்னைக் கேட்டிருக்கலாமே" என்றேன். "எழுப்பித்தான் கேட்கணும், எழுப்பினா படம் போயிடுமேக்கா" என்கிறான். நியாயம்தானே? இதற்குமேல் ஒன்று இருக்கிறது. கண்காட்சிக்குத் தொண்டர்கள் வேண்டும் என்றபோது முடியாது என்று சொல்லத் தெரியாமல் நான் தலையாட்டிவிட்டேன், புகைப்படங்களுக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லும் வேலையைக் கொடுத்துவிட்டார்கள். ஆக, படத்தில் நான் தூங்குகிறேன், படத்துக்குப் பக்கத்தில் நானே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். வருகிறவர்கள் படத்தைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள், மறுபடி படத்தைப் பார்க்கிறார்கள். "ஏம்மா, இது நீதானே?" "இல்லைங்க, என் சித்தி பொண்ணு." "அப்படியே உரிச்சு வச்சிருக்கே!" "ஆமாங்க, எங்க குடும்பத்துல எல்லாருக்கும் ஒரே வாய்." யாரோ படத்தின் கீழே ஒரு தலையணையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், உறை வேறு போட்டு.

படத்தை எடுத்துவிடச் சொல்லலாம் என்று நூலகர் அம்மாவிடம் போனேன். போனேன், போனேன், திரும்பி வந்தேன். கடைசியில் குரல் வந்தபோது, "என்னம்மா, காதுல விழலையே, சத்தமா சொல்லு" என்றவர், படத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "வேணாம் வேணாம், மெதுவாவே சொல்லு" என்றார். அதுதான் அப்பா இங்கே நடக்கும் அதிசயம். அந்தப் படத்துக்கு முன்னால் யாராலும் சத்தமாகப் பேச முடியவில்லை. வெளியே படிக்கட்டில் கூச்சலும் கும்மாளமுமாக வருகிற மாணவர்கள் வாசலில் படத்தில் தூங்குகிறவளைப் பார்த்ததும் செருப்புச் சத்தத்தை அடக்கிக்கொள்கிறார்கள். எங்கள் துணைவேந்தருக்கு மைக்கே தேவையில்லை, அவர் இருமினால் அடுத்த கட்டடத்தில் வகுப்பு நின்றுவிடும். அவர் படத்துக்கு எதிரே நின்று திறப்புரை ஆற்ற வேண்டியிருந்தது. 'பெரியோர்களே' என்று கம்பீரமாகத் தொடங்கினார், பார்வை படத்தின்மேல் பட்டது, மீதிப் பேச்சு முழுவதையும் குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு வந்தவர்போல் கிசுகிசுத்து முடித்தார். நாங்களும் சத்தம் வராமல் கை தட்டினோம். 'அமைதி காக்கவும்' என்ற பலகைகளால் இத்தனை காலம் ஆகாதது இந்தத் தூக்கத்தால் ஆகிவிட்டது, அதனால் படத்தை நிரந்தரமாகவே மாட்டிவைக்கப் போவதாகச் சொல்கிறார் நூலகர் அம்மா. பெரிதாக்கிய படத்தில் புத்தகப் பக்கத்தின் ஓரமாக ஓர் ஈரம் தெரிகிறதாம், அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டுமாம்.

ஏன் தூங்கினேன் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள், ஆனால் எனக்குச் சொல்ல வேண்டும். நம் வீட்டில் அமைதி என்றாலே அப்பா தூங்குகிறார் என்றுதான் அர்த்தம். சின்ன வயதிலிருந்து ஸ்பூனைக்கூடச் சத்தமில்லாமல் வைக்கப் பழகியவள் நான். இங்கே முதன்முதலாக வாசிப்புக்கூடத்துக்குள் நுழைந்தபோது, இத்தனை பேர் இத்தனை மெதுவாக நடப்பதைப் பார்த்து, இந்தக் கட்டடத்துக்குள் எங்கோ ஓர் அறையில் நீங்கள் தூங்குகிறீர்கள் என்றே தோன்றியது. மூன்று மணி வெயில் ஜன்னல் வழியாக வந்து அலமாரி அலமாரியாக நகரும். மின்விசிறி ஒரே சுருதியில் சுற்றும். எங்கோ ஒரு பக்கம் புரளும், யாரோ தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல. வரிகள் மெல்லப் பிரிந்து, தண்ணீரில் விட்ட நூல்போல மிதக்கும். வீட்டு வாசற்படி தெரியும், உங்கள் சட்டையின் பிஸ்கட் வாசனைகூட வரும். அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது.

"என் பொண்ணு புத்தகத்துல தலைய வச்சா எடுக்கவே மாட்டா" என்று ஆலை முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறீர்கள். நம் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள், மேலே படிக்கப் போயிருக்கிறாள் என்று. அதற்காக நீங்கள் ராத்திரியெல்லாம் அடுப்புச் சூட்டில் கண் விழிக்க, நான் பகலில் இங்கே வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறேன் என்பதைக் கதவு உயரத்தில் நீங்கள் பார்க்க வேண்டாம். யார் பார்த்தாலும் சித்தி பெண் என்றுவிடுவேன். உங்களிடம் என்ன சொல்வேன்?

ஆகவே சனிக்கிழமை வீட்டிலேயே நன்றாகத் தூங்குங்கள். ஆசியை அங்கிருந்தே அனுப்புங்கள், இங்கே நின்றபடி வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கும், பாவம் அந்தக் குக்கருக்கும் என் அன்பு.

உங்கள் மகள்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது நூலகர் அம்மா வாசலில் நின்று மோப்பம் பிடித்தபடி, "யாரு உள்ள பிஸ்கட் சாப்பிட்டது?" என்று கிசுகிசுத்தார். உறையை அப்படியே போட்டுவிட்டேன். ஓடிப் போய்ப் பார்த்தால், படத்துக்கு எதிரே இருக்கும் நாற்காலியில் நீங்கள், செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு. சனிக்கிழமை லீவு கிடைக்கவில்லை, அதனால் இன்றே ஷிப்ட் முடிந்த கையோடு பேருந்து ஏறிவிட்டீர்கள் என்று காவலாளி சொன்னார். வந்ததும் படத்தை வெகுநேரம் பார்த்தீர்களாம். பேசிக்கொண்டு வந்த இரண்டு பேரிடம், "மெதுவா தம்பி, பாப்பா தூங்குது" என்றீர்களாம். அப்புறம் உட்கார்ந்தீர்களாம். இப்போது தூங்குகிறீர்கள், படத்தில் இருக்கும் அதே சாய்வு, அதே வாய். கூடமே இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து நிற்கிறது. கேமராப் பையன் என்னிடம் வந்து, "அக்கா, இவரு யாரு? உங்க சித்திப் பொண்ணோட அப்பாவா?" என்றான். "எங்க அப்பா!" என்றேன். எனக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்கே தெரியாது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பி, வாயில் விரல் வைத்து, "ஷ்ஷ்ஷ்" என்றார்கள்.

இதை உங்கள் சட்டைப் பையில் வைக்கிறேன், விழித்ததும் படியுங்கள். வர வேண்டாம் என்ற இடங்களை மட்டும் விட்டுவிடுங்கள். பையன் கேமராவைத் தூக்கினான், நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த வருடப் போட்டிக்கு உங்களை எழுப்பாமல் எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.