காதுப் பரீட்சை

"என்னங்க, நாளைக்கு ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் எல்லாருக்கும் காது பாக்கப்போறாராம்! தொரை உத்தரவாம்! காலையில பெரட்டுல ஆள் கணக்கெடுக்கறப்ப கங்காணி சொன்னாரு!"

அங்கம்மா தொண்டை கிழியக் கத்தியும் காளியப்பன் நிம்மதியாகச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அவள் எதிரே வந்து காதைப் பிடித்துக் காட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. கையிலிருந்த கவளம் தட்டிலேயே விழுந்தது.

ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் ஆலை எஞ்சினுக்குப் பக்கத்திலேயே நின்று காலம் தள்ளியவன் அவன். அது போடும் கூச்சலில் இடி விழுந்தாலும் தெரியாது. முதலில் காதுக்குள் வண்டு ரீங்காரம் போட்டது. அப்புறம் வண்டும் போய்விட்டது. வாயசைவைப் பார்த்தே இத்தனை நாள் ஊரை ஏய்த்துவிட்டான், கில்லாடி! ஆனால் டிரஸ்ஸர் சபாபதி செவிடு என்று எழுதிவிட்டால் போச்சு. வேலைக்கு லாயக்கில்லாதவனைக் கப்பலேற்றிச் சொந்த ஊருக்கே அனுப்பிவிடுவார்கள். ஊரில் அவனுக்கு என்ன இருக்கிறது, மண்ணாங்கட்டி!

"நானும் வர்றேன். அவரு மணியடிச்சா முந்தானைய உதறுறேன். நீங்க கேக்குதுன்னு சொல்லுங்க" என்று ஜாடை காட்டினாள் அங்கம்மா.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் சொன்ன முதல் வார்த்தையே, "சுவரைப் பாத்து நில்லுய்யா" என்பதுதான். முந்தானைத் திட்டம் அம்போ!

டிரஸ்ஸர் மணியை அடித்தார். அங்கம்மா பதறிப்போய் இருமினாள். ஐயோ, மணியே கேட்காதவனுக்கு இருமல் மட்டும் கேட்குமா? காளியப்பன் சுவரிலிருந்த பல்லியைப் பார்த்தபடி நின்றான். டிரஸ்ஸரின் புருவம் ஏறியது.

வந்த ஆத்திரத்தில் அங்கம்மா காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். பலகைத் தரை அதிர்ந்தது. அதிர்ச்சி வெறுங்காலில் ஏறியதும் காளியப்பன் துள்ளினான்.

"கேக்குதுங்கய்யா!"

"என்னம்மா, என்ன குதிக்கிற?"

"கொசுங்கய்யா. என்னா கடி கடிக்குது லா!"

அப்புறம் கேட்பானேன்! மணிக்கு ஒரு மிதி. விரல் சொடுக்குக்கு ஒரு மிதி. டிரஸ்ஸர் சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்து எட்ட நின்று நீட்டினார். அங்கம்மா அதற்கும் மிதித்தாள்.

"கேக்குதுங்கய்யா!"

"அலமாக்! கடிகாரமா?" என்று வாயைப் பிளந்தார் டிரஸ்ஸர்.

டிரஸ்ஸருக்குச் சந்தேகம் தட்டியது. அங்கம்மாவை வெளியே போகச் சொல்லிவிட்டார். அவள் வாசலில் நின்று முருகனை வேண்டினாள்.

உள்ளே டிரஸ்ஸர் ஒரு குண்டூசியைக் கீழே போட்டார். போட்டுவிட்டு நிமிரும்போது, அவருடைய கனத்த சரீரத்துக்குப் பலகை ஒரு ஆட்டம் ஆடியதை அவர் கவனிக்கவில்லை.

"கேக்குதுங்கய்யா!"

"யோவ், இது காதில்லய்யா, தங்கம்! காலையிலேருந்து பாக்குறேன், ஒருத்தனுக்கும் இப்படி இல்ல. இப்பவே தொரைகிட்ட சொல்லிடறேன்!" என்று அவன் முதுகில் தட்டிவிட்டு, டிரஸ்ஸர் சைக்கிளில் பறந்தார்.

அங்கம்மா ஓடிவந்து புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கப்பல் கண்டம் தப்பியது! காளியப்பன் ராஜா மாதிரி மீசையை முறுக்கினான்.

ஆஸ்பத்திரி ஆள் சின்னத்தம்பி மட்டும் ஒரு அரிக்கேன் விளக்கோடு வந்து, எழவு வீட்டுக்கு வந்தவன் போல நின்றான்.

"நல்ல சேதி சொல்லியிருக்காரு, நீ ஏன்டா மூஞ்சியத் தொங்கப்போட்டிருக்க?" என்றாள் அங்கம்மா.

"புதுக்காட்டு ராக்காவலுக்கு நல்ல காதுள்ள ஆளைத் தேடித்தான்க்கா இந்தப் பரீட்சையே, முந்தின காவக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம், பின்னால புலி வந்தது கேக்கவே இல்ல!"