மஞ்சள் துணியில் கட்டிய பீடை

பூதலூர் ரயிலடியில் அந்த வருஷம் நெல் மூட்டையைவிடக் கம்ப்யூட்டர் பெட்டிதான் அதிகம் இறங்கியது. எல்லாம் 'கம்ப்யூட்டர் சாமி' நாகநாதனைப் பார்க்கத்தான். அரிசி ஆலைக்காரர், ஜவுளிக்கடைக்காரர், பிரௌசிங் சென்டர்காரர் என்று சாதி மதம் பார்க்காத கூட்டம். ஏமாறுவதில் மட்டும் நமக்குள் என்ன ஒற்றுமை!

புது புரோகிராம் ஏற்றும் முன் பெட்டியைச் சாமியிடம் கொண்டுபோக வேண்டும். உள்ளே இருக்கும் இரண்டு டிஸ்க்கில் ஒன்றைக் கழற்றி, "இதுதான் பீடை, நான் சுமந்துக்கிறேன்" என்று மஞ்சள் துணியில் கட்டி வைப்பார். புது புரோகிராம் மக்கர் பண்ணினால் மறுபடி போகலாம். திரைக்குப் பின்னால் சாம்பிராணி, எலுமிச்சை, கால் மணி நேரம். பெட்டி பழையபடி ஓடும்!

கமருன்னிஸாவின் பெட்டியும் ஓடியது. வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் டிராவல்ஸ் அவளுடையது. வியாழக்கிழமை பீடை எடுத்து, வெள்ளிக்கிழமை புது புரோகிராம் ஏற்றினாள். அது பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நின்றுபோனது. அதோடு மல்லுக்கட்டிப் பதினோரு பேரின் விசா விவரம் ஏற்றியிருந்தாள். இன்று நான்கு மணிக்குள் சென்னைக்கு அனுப்பாவிட்டால் பதினோரு பேர் பயணமும் போச்சு. அதில் அவள் தம்பி ஃபாஜிலும் ஒருவன்.

அதனால் மறுபடி சாமியிடம் வந்தாள். திரைக்குப் பின்னால் போய்வந்த பெட்டியில் இப்போது அந்தப் பதினோரு பேரையும் காணோம். பட்டியல் வியாழக்கிழமையோடு நின்றது.

"என் தம்பி பேரு எங்கங்க?"

"பீடை தின்னுடுச்சும்மா. பெட்டி பொழச்சதே பெரிசு."

"அதெப்படிங்க, நீங்க பீடையைக் கழட்டுனதுக்கு அப்புறம் ஏத்துனதை மட்டும் தின்னுச்சு?"

வரிசையில் நின்ற ஆலைக்காரர் சிங்கராயர் பதறினார். "சாமியைக் கேள்வி கேக்காதம்மா! அடுத்தது என் பெட்டி."

கமருன்னிஸா திரையை விலக்கினாள். அவள் பெயர் எழுதிய மஞ்சள் துணி காலியாகக் கிடந்தது. பக்கத்தில், பெட்டியிலிருந்து அப்போதுதான் கழற்றிய டிஸ்க்.

"இதை மட்டும் மாட்டிப் பாப்போம். எலுமிச்சை வேணாம்."

உள்ளே இருந்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டு இதை அவளே மாட்டினாள். புது புரோகிராம் வந்தது, பதினோரு பேரும் வந்தார்கள். அது நின்றுபோவதற்குள் மளமளவென்று காகிதத்தில் எழுதிக்கொண்டாள். பிறகு அதைக் கழற்றி, வியாழக்கிழமை துணியில் கட்டிய டிஸ்க்கை மாட்டினாள். பெட்டி சமர்த்தாக வியாழக்கிழமைக்குப் போனது. சாம்பிராணிகூட இல்லை.

"ஒண்ணுல எழுதுறது அப்படியே இன்னொண்ணுலயும் பதியும்னு பெட்டி வித்தவரே சொன்னாருங்க. ஒண்ணைக் கழட்டி வச்சா, அது கழட்டுன நாள்லயே நிக்கும். இவரு மந்திரம் அவ்வளவுதான்."

சிங்கராயர் தன் மஞ்சள் மூட்டையைத் தேடி எடுப்பதற்குள் சாமி திருச்சி வண்டியில் ஏறிவிட்டார்.

பெட்டிக்கு டிஸ்க் இரண்டு. நமக்குத் தலை ஒன்றுதான். அதையும் கழற்றி மஞ்சள் துணியில் கட்டிக் கொடுத்துவிட்டால், எதை வைத்து யோசிப்பதாக உத்தேசம்?