ஹமீது பாய் போட்ட ஐந்து நிபந்தனைகள்

ராஜபாளையத்தில் முப்பது வருடமாகச் செருப்புக் கடை வைத்திருப்பவர் ஹமீது பாய். நடைப்பயிற்சிக்கென்றே செய்த ஷூவை ஊருக்கெல்லாம் விற்பவர். அவர் மட்டும் நடக்க மாட்டார். பள்ளிவாசல் அவர் வீட்டிலிருந்து ஒன்பதாவது கட்டடம். அதற்கும் ஸ்கூட்டர்தான்.

"வண்டிய வெளிய எடுத்து, திருப்பி, அங்க போயி ஸ்டாண்டு போடுற நேரத்துல நடந்தே போயிரலாம்ல?" என்று மனைவி மாஜிதா ஒருமுறை கேட்டாள்.

"அப்பம் வண்டி எதுக்கு வாங்குனோம்?" என்றார் ஹமீது. அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

ஒரு செவ்வாய்க்கிழமை, வீடு வீடாக வந்து சர்க்கரை பார்க்கும் நர்ஸ் பொன்மணி ஹமீதின் விரலில் குத்தினாள். மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்தாள். மெஷினைத் தட்டினாள். அடுத்த விரலில் குத்தினாள். மெஷின் மேல் தப்பில்லை.

"பாய், தினமும் முக்கா மணி நேரம் நடக்கணும். மாத்திரை மட்டும் பத்தாது" என்று சொல்லி, ஒரு நோட்டீசையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

மாஜிதா வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எங்க அத்தாவுக்கு இப்பிடித்தான் ஆரம்பிச்சது. கடைசியில கால எடுத்தாங்க. செருப்புக் கடைக்காரரு ஒத்தச் செருப்போட நிக்கிறத நான் பாக்கணுமா?"

ஹமீதுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. ஆனால் நடுக்கத்தை வெளியே காட்டினால் நடக்கச் சொல்வாளே. நோட்டீசை எடுத்து, தனக்கு உதவும் வரி ஏதாவது அகப்படுமா என்று தேடினார். அகப்பட்டது.

"கேட்டுக்கோ. 'நலமாக வாழத் தனி மனிதர் முயற்சி மட்டும் போதாது. சுற்றுப்புறமும் துணை நிற்க வேண்டும்.' கவர்மென்டே போட்டிருக்கு. நம்ம தெரு துணை நிக்குதா? மாரிச்சாமி நாயி தெருவுல நிக்குது. பெலிக்ஸ் வீட்டு ஜல்லிக் குவியல் நிக்குது. மூலையில குப்பை நிக்குது. நான் எங்க நடக்க?"

"நீங்கதான் தெனம் இருட்டோட தொழுகைக்குப் போறீயள்ல?"

"வண்டிக்கு லைட்டு இருக்கு. எனக்கு லைட்டு இருக்கா?"

"சரி. என்னென்ன சரியில்லன்னு எழுதிக் குடுங்க."

ஹமீது உற்சாகமாகிவிட்டார். நோட்டீசின் பின்பக்கத்தில் கடைப் பில் எழுதும் அழகான கையெழுத்தில் எழுதினார். நாயைக் கட்ட வேண்டும். தெருவிளக்கு எரிய வேண்டும். ஜல்லி போக வேண்டும். காலி மனைக் குப்பை போக வேண்டும். மூச்சு வாங்கினால் உட்கார ஓர் இடம் வேண்டும். இந்த ஐந்தும் சரியான மறுநாளே நடக்கத் தொடங்குவேன். இப்படிக்கு, அ.ஹமீது. தேதியும் போட்டார்.

தெருவிளக்குக்கே மூன்று வருடம் என்பது அவர் கணக்கு. குப்பைக்கு ஓர் ஆயுள்.

"இதெல்லாம் நடக்காதுடி" என்றார்.

"எது? தெருவா, நீங்களா?" என்று கேட்டு, மாஜிதா கையெழுத்து தெரியும்படி போட்டோ எடுத்துத் தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள்.

அன்று சாயங்காலமே மாரிச்சாமியின் மனைவி செல்வலட்சுமி வந்தாள். மாரிச்சாமி நூல்மில்லில் சூப்பர்வைசர். அவர் வளர்ப்பது அசல் ராஜபாளையம் நாய், பால் வெள்ளை. மனிதர் வீட்டில் சோபாவில் கிடப்பார், நாய் தெருவில் ஓடும்.

"அதக் கட்டிப் போட்டா ஊளையிடும் மாஜிதாக்கா. யாராவது கையில புடிச்சிக்கிட்டு நடக்கணும்."

"யாராவதுன்னா?"

இரண்டு பெண்களுக்கும் ஒரே நேரத்தில் அந்தச் சோபா நினைவுக்கு வந்தது.

ஜல்லி இரண்டே நாளில் போனது. பெலிக்ஸ் வீடு கட்டி முடித்து ஒன்றரை வருடமாகியும் மிச்ச ஜல்லியை, மாடி எடுக்கும்போது உதவும் என்று தெருவிலேயே விட்டிருந்தார். அவர் மனைவி பரிபூரணம் ஆள் வைத்து அள்ளி, தெருவில் இருந்த பள்ளங்களில் போட்டு இடித்துவிட்டாள். மாடி எடுக்கும் யோசனையும் அந்தப் பள்ளத்தோடு போனது.

தெருவிளக்கு இன்னும் மோசம். முப்பத்தெட்டு பெண்கள் கையெழுத்துப் போட்ட மனுவோடு மாஜிதா நகராட்சிக்குப் போனாள். மூன்றாம் நாள் ஒருவர் ஏணியோடு வந்து பல்பை மாற்றிவிட்டு ஆச்சரியப்பட்டார்: "ஆறு வருசமா எரியலையா? யாருமே சொல்லலியேம்மா."

எரிந்த விளக்கை ஹமீது அண்ணாந்து பார்த்தார். அரசாங்கத்தின் மேல் அவர் வைத்திருந்த நம்பிக்கை அன்றைக்குப் போனது.

இருந்தாலும் குப்பை இருந்தது. காலி மனைக்காரர் ராக்கப்பன் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார், எவர் சொல்லையும் கேட்காதவர் என்று பெயர். மாஜிதாவும் பரிபூரணமும் பஸ் ஏறிப் போனார்கள். மத்தியானமே திரும்பி வந்தார்கள்.

"முடியாதுன்னுட்டாராக்கும்?" என்று ஹமீது ஆவலோடு கேட்டார்.

"சுத்தம் பண்ணிக்கோங்க, செடி வச்சிக்கோங்க, நான் வீடு கட்டுற வரைக்கும் இருக்கட்டும்னாரு. இம்புட்டு நாளா யாரும் வந்து கேக்கலையேன்னு காப்பி குடுத்தாரு."

அவள் பையில் பால்கோவா டப்பாக்கள் தெரிந்தன. ஹமீது கையை நீட்டினார்.

"அது குப்பை அள்ள வாறவங்களுக்கு" என்று அவள் பையை மூடினாள்.

மூன்று டிராக்டர் குப்பை போனது. அந்த இடத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் வந்தன. பெலிக்ஸ் வீட்டில் மிச்சம் கிடந்த கிரானைட் பலகையை இரண்டு கல்தூண் மேல் வைத்து, பெஞ்சும் ஆகிவிட்டது. சாயங்காலம் சின்னப் பிள்ளைகள் அங்கே பந்து விளையாடினார்கள். அதுவரை மெயின் ரோட்டிலேயே நின்ற கீரைக்காரி தெருவுக்குள் வர ஆரம்பித்தாள். விளைவு, ஹமீதின் தட்டில் தினமும் கீரை.

ஊளையிட்டாலும் பரவாயில்லை என்று செல்வலட்சுமி நாயையும் கட்டிப் போட்டுவிட்டாள். எழுதிக் கொடுத்த இருபத்திரண்டே நாளில் ஐந்தும் முடிந்துவிட்டன. மாஜிதா நோட்டீசை அவர் முன்னால் வைத்தாள். ஹமீது அதை இரண்டு முறை படித்தார். எழுதியது அவரேதான்.

"ஒண்ணு விட்டுப்போச்சு" என்றார். "துணை. தனியா நடக்கையில மயக்கம் வந்தா? யாரு தூக்குறது? துணைக்கு ஆள் இருந்தா நாளைக்கே நடக்கேன்."

அவருக்குத் தெரியும். அந்தத் தெருவில் விடியற்காலை எழுந்து நடக்கக்கூடிய ஆம்பளை ஒருத்தன் கிடையாது. எல்லோரும் அவர் ரகம்.

"நியாயந்தான்" என்றாள் மாஜிதா. அவள் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. அன்று நன்றாகத் தூங்கினார்.

விடியற்காலை தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் ஆறு ஆம்பளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். நாயோடு மாரிச்சாமி, மப்ளரோடு பெலிக்ஸ், பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் ஹரிகிருஷ்ணன், இன்னும் மூன்று பேர். எல்லோர் முகத்திலும் தூக்கம். ஆனாலும் ஒரு தியாகக் களை.

"ரண்டி பாய்காரு, போகலாம்" என்றார் ஹரிகிருஷ்ணன்.

ஹமீது ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நடந்தார். வேறு வழி? விளக்கு எரிந்தது, பள்ளம் இல்லை, நாய் கயிற்றில் வந்தது. குறை சொல்ல ஒன்றுமே இல்லாத தெருவில் நடப்பது கஷ்டமாகத்தான் இருந்தது.

இரண்டாவது சுற்றில் பெலிக்ஸ் மெதுவாகச் சொன்னார்: "பயப்படாதீங்க பாய். நாங்க இருக்கோம். எனக்கு நடையெல்லாம் தேவையே இல்ல. நீங்க துணை இல்லாம நடக்க மாட்டீங்கன்னு பரிபூரணம் அழுதா. அதான் வந்தேன்."

மாரிச்சாமி நின்றார். "எங்க வீட்டுலயும் அழுதாளே!"

"மா இன்ட்லோ கூட!" என்றார் ஹரிகிருஷ்ணன்.

விசாரித்ததில் ஆறு வீட்டிலும் ஒரே ராத்திரி அழுதிருக்கிறார்கள். எல்லோரும் ஹமீதுக்காக. பொன்மணி அந்தச் செவ்வாய்க்கிழமை எத்தனை வீட்டில் இரண்டு தடவை விரலில் குத்தினாள் என்பதும் அப்போதுதான் ஒவ்வொருவராக வாய் திறந்து வெளிவந்தது. ஏழு வீடு.

ஆறு பேரும் ஹமீதைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் தியாகக் களை இல்லை.

வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்த ஹமீது சமையலறை வாசலில் நின்றார். "ஏட்டி, நாளைக்கு நான் போகலைன்னா என்ன செய்வே?"

"நான் என்ன செய்யப் போறேன்? நீங்க போகலைன்னா அவிய ஆறு பேரும் போக மாட்டாக. பொறவு அம்புட்டு வீட்டுப் பொம்பளைகளும் இங்க வந்து நிப்பாக. அவுகளுக்கு நீங்களே பதில் சொல்லிக்கோங்க."

ஹமீது அந்தக் காட்சியைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார்.

மறுநாள் யாரும் வந்து கூப்பிடவில்லை. கடையிலிருந்து புது ஷூ ஒன்றை எடுத்து வந்திருந்த ஹமீது, குனிய முடியாமல் குனிந்து அதன் லேசைத் தானே கட்டிக்கொண்டார். தொழுதுவிட்டு மறுபடி படுத்திருந்த மாஜிதா, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு உள்ளிருந்தே சொன்னாள்:

"வாரப்போ அரை லிட்டர் பால் வாங்கிட்டு வாங்க. நடந்துதான வாறீய."