கொண்டோவேயின் பிரஷர்

கொண்டோவேயின் பிரஷர் மறுபடியும் இறங்கிவிட்டது.

"மருந்தே சரியில்ல போல, சார்," என்றாள் நர்ஸ் தவோங்கா.

மருந்தாளுநர் லுசுங்குவுக்குச் சுருக்கென்றது. "கலந்தது நான், தவோங்கா."

"அதனாலதான் சொல்றேன்."

காலில் வந்த புண் சீழ் பிடித்து, விஷம் இரத்தத்தில் ஏறி, பிரஷர் பாதாளத்துக்குப் போன மனிதர் கொண்டோவே. சொட்டுச் சொட்டாக இறங்கும், பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்துதான் அவரை இந்தப் பக்கம் பிடித்து வைத்திருந்தது. "அளவெல்லாம் லுசுங்கு பொறுப்பு" என்று சொல்லிவிட்டு டாக்டர் ஒரு பிரசவ ஆபரேஷனுக்குப் போயிருந்தார். லுசுங்குவும் குறை வைக்கவில்லை. சரியான ஆன்டிபயாடிக்கைத் தேர்ந்தெடுத்தார். அவர் வீட்டில் சாப்பிட்டு வந்த பழைய மாத்திரைகளை எல்லாம் நிறுத்தும்படி கோப்பில் சிவப்பு மையில் எழுதினார்.

இப்போது பழைய பாட்டிலைக் கழற்றிவிட்டுப் புதிதாகக் கலந்து மாட்டினார். பிரஷர் மெல்ல ஏறியது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னலுக்கு ஓடினார்.

"அம்மா! பிரஷர் ஏறுது!"

வெளியே மதிலோரம், நோயாளிகளின் சொந்தக்காரர்கள் சமைக்கும் அடுப்புகளின் நடுவே, கொண்டோவேயின் மனைவி நியாஹாரா மக்காச்சோளக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். கேட்டதும் நிமிர்ந்து, "ஐயோ, சரி தம்பி!" என்றாள். முணுமுணுப்பாக ஒரு பாட்டும் வந்தது.

அது லுசுங்குவின் பாட்டு. திங்கட்கிழமை பிரஷர் கிளினிக்கில் ஊரையே கைதட்டிப் பாட வைப்பவர் அவர். சொன்னால் மறந்துவிடுவார்கள், பாடினால் மறக்கமாட்டார்கள் என்பது அவர் கட்சி. நியாஹாராதான் அங்கே முன்வரிசைக் குரல். துக்கத்திலும் தன் பாட்டைப் பாடுகிறாளே என்று அவர் மனம் குளிர்ந்தது.

அவள் வந்து கணவருக்கு நாலு கரண்டி கஞ்சி ஊட்டிவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் பிரஷர் பழையபடி சரிந்தது.

"குழாய்ல கசிவு இருக்கும்," என்றார் லுசுங்கு. குழாயை மாற்றினார், அளவையும் கூட்டினார். ஏறியது. இன்னும் பலமாகக் கத்தினார். கஞ்சி வந்தது, போனது. பிரஷர் முன்னைவிடக் கீழே போனது. சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

"பம்ப்தான் கோளாறு!" பம்பையும் மாற்றினார்.

"இனி மாத்த வேண்டியது நம்ம ரெண்டு பேரைத்தான் சார்," என்றாள் தவோங்கா. ஆனால் அவள் குரலில் கிண்டல் இல்லை. கொண்டோவேயின் விரல்கள் சில்லிட்டிருந்தன.

டாக்டர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவோம்."

அந்த மலைப்பாதையில் இந்த உடம்பு பாதி வழிகூடத் தாங்காது என்பது மூவருக்கும் தெரியும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லி அனுப்பினார்கள். நியாஹாரா அழுதுகொண்டே அடுப்பை அணைத்து, பாத்திரங்களை மூட்டை கட்டப் போனாள். லுசுங்கு கட்டிலருகே உட்கார்ந்துவிட்டார். படித்த படிப்பெல்லாம் எங்கே போனது என்று தன் மேலேயே கோபமாக வந்தது. எதையும் மாற்ற அவருக்குத் துணிச்சல் இல்லை.

பிரஷர் ஏறியது. ஏறியது அப்படியே நிலைத்தது. வெகுநேரம் இறங்கவே இல்லை. கொண்டோவே கண்ணைத் திறந்து, "தண்ணி" என்றார்.

"ஆம்புலன்ஸ் வேண்டாம்னு சொல்லு தவோங்கா!" கண்ணைத் துடைத்துக்கொண்டு லுசுங்கு வெளியே ஓடினார். "அம்மா! பிரஷர் ஏறிடுச்சு! நல்லா ஏறிடுச்சு!"

நியாஹாரா பதறிப்போய்க் கட்டிய மூட்டையை அவிழ்த்தாள். அடியிலிருந்து கணவரின் பழைய மாத்திரை டப்பாவை எடுத்து, இரண்டு மாத்திரைகளைக் கரண்டிக் காம்பால் பொடித்து, ஆறிப்போன கஞ்சியில் போட்டுக் கலக்கினாள்.

லுசுங்கு அப்படியே நின்றார். "அம்மா... என்ன பண்றீங்க?"

"என்ன தம்பி இப்படிக் கேட்டுட்டீங்க? 'பிரஷர் ஏறினா தாமதம் ஏனடி, உடனே போடடி மாத்திரை'ன்னு பாட்டு கட்டினதே நீங்கதானே? நீங்க கத்தின ஒவ்வொரு தடவையும் தவறாமக் குடுத்துட்டேன்!"