கேட்பதற்கு முன்பே பதில்

படுக்கையறைத் தரையில் இரண்டு டைல்ஸ் சேரும் கோட்டின் மேல், டிரைவிங் மாஸ்டர் ஒரு காலுக்கு முன்னால் மறுகாலை வைத்து நடந்துகொண்டிருந்தார். பீரோவிலிருந்து கிளம்பி ஜன்னல்வரை போக வேண்டும். நாலாவது அடியிலேயே கட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"இப்போ குடிக்காமத்தானே இருக்கீங்க?" என்றாள் மனைவி, துணி மடித்தபடியே.

"அதைத்தான் நிரூபிக்கிறேன். குடிக்காதவனுக்கும் தள்ளாடும்."

விஷயம் இதுதான். மூன்று வாரத்துக்கு முன் நண்பர் ஒருவரின் பணி ஓய்வு விருந்துக்குப் போனவர், இரண்டே இரண்டு கிளாஸ் என்று குடித்துவிட்டுக் காரை எடுத்தார். ரவுண்டானா தாண்டியதும் போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னது. மெஷின் கத்தியது. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, இனி விசாரணை முடியும்வரை வண்டியைத் தொடக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள்.

மற்றவர்களுக்கு லைசென்ஸ் போனால் பஸ்ஸில் போய்க்கொள்ளலாம். மாஸ்டருக்குப் போனால் பயிற்சிப் பள்ளியே போச்சு. பதினேழு வருடப் பள்ளி. அதற்கு முதலாளியும் அவர்தான், மாஸ்டரும் அவர்தான். பயிற்சிக் கார் மூன்று வாரமாக வாசலில் உறை போட்டுக் கிடந்தது. கற்றுக்கொள்ள வந்தவர்களிடம் கிளட்ச் போய்விட்டது என்று சொல்லி வைத்திருந்தார்.

அதற்காக மனுஷன் சோர்ந்து போயிருப்பார் என்று நினைத்தால், நீங்கள் அவரைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். அவரிடம் படித்தவர்கள் லைசென்ஸ் தேர்வில் தோற்றதே அபூர்வம். அதற்கு அவர் வைத்திருந்த சூத்திரம் ஒன்றே ஒன்று: அதிகாரி கேள்வியை முடிப்பதற்குள் பதிலைச் சொல்லிவிட வேண்டும். "யோசிச்சா தெரியலைன்னு முடிவு பண்ணிடுவாங்க. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று ஸ்டியரிங்கைத் தொடும் முன்பே பாடம் நடத்திவிடுவார். அவரிடம் படித்த தையல்காரர் ஒருவர், அதிகாரி பெயரைக் கேட்க வாயெடுத்ததுமே "ஆஸ்பத்திரி பக்கத்துல ஹாரன் அடிக்கக் கூடாது" என்று சொல்லிப் பாஸாகிவிட்டார்.

இப்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து தபால் வந்திருந்தது. புதன்கிழமை காலை பத்து மணிக்கு, லைசென்ஸ் தொடர்பாக, அடையாள அட்டையுடன் நேரில் வரவும். அவ்வளவுதான் இருந்தது.

"விசாரணைன்னு இதுல ஒரு வார்த்தைகூட இல்லையே. எதுக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு..." என்று மனைவி ஆரம்பித்தாள்.

"அப்படித்தான் எழுதுவாங்க. அசந்தவனை அமுக்குறதுக்கு" என்று அவர் முடித்துவைத்தார்.

மனைவியின் தம்பி ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வக்கீலுக்கே பாயிண்ட் எடுத்துக் கொடுப்பது தான்தான் என்பது அவன் நம்பிக்கை. போலீஸ் எழுதிய குறிப்பின் நகலை விரித்து மூன்று இடத்தில் வட்டம் போட்டான். ஊதியபோது மெஷின் கத்தியது. நேர்கோட்டில் நடக்கச் சொன்னபோது தள்ளாடினார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று மூன்று முறை கேட்டும் பதில் இல்லை.

"மூணுக்கும் மூணு டாக்டர் சர்டிபிகேட். முடிஞ்சுது மாமா" என்றான்.

முதலில் தெருமுனை டாக்டர். ஆல்கஹால் கலந்த இருமல் மருந்தைத் தானே எழுதிக் கொடுத்ததாக ஒப்புக்கொண்டு கடிதம் கொடுத்தார். நேர்மையான மனிதர், 'இதைக் குடித்தால் தூக்கம் சொக்கும்' என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டார். நல்லதாப் போச்சு, கண் ஏன் சிவந்திருந்தது என்று கேட்டால் அதற்கும் பதில் ஆச்சு என்றான் மச்சினன்.

அடுத்து எலும்பு டாக்டர் வலது காலை மடக்கிப் பார்த்தார். மாஸ்டர் தேவைக்கு மேலேயே முனகினார். முழங்கால் தேய்மானம் என்று சர்டிபிகேட்டும், கூடவே ஒரு கைத்தடியும் கிடைத்தன. காது டாக்டர், பீப் சத்தம் கேட்டதும் பொத்தானை அமுக்கச் சொன்னார். மாஸ்டர் கேட்ட சத்தத்தில் பாதிக்கு அமுக்கவே இல்லை. இரண்டு காதும் பாதி அவுட் என்று எழுதி, காதில் மாட்டும் மெஷினுக்கும் சிபாரிசு செய்தார் டாக்டர்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மனைவி மூன்று கடிதங்களையும் வரிசையாகப் படித்தாள்.

"தூக்கம், கால், காது. இத்தனையையும் பார்த்துட்டு அந்த அதிகாரி உங்களை..."

"கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வைப்பாங்க" என்றார் மாஸ்டர். அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

புதன்கிழமை பத்து மணிக்கு அலுவலக பெஞ்சில் அவருக்கு முன்னால் ஏழு பேர் இருந்தார்கள். எல்லோரும் அதே விருந்து நாளில், அதே ரவுண்டானாவில் மாட்டியவர்கள். ஒருவர் கையிலும் ஒரு காகிதம் கிடையாது. மாஸ்டருக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒவ்வொருவராக உள்ளே போய், இரண்டே நிமிடத்தில் சட்டைப் பையில் எதையோ திணித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். அபராத ரசீதாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்.

கதவருகே நின்ற அட்டெண்டர் அவருடைய தடிமனான ஃபைலைப் பார்த்து, "சார், இதெல்லாம் உள்ள தேவைப்படாது" என்றார்.

"அவங்களுக்குத் தேவைப்படாது" என்று மாஸ்டர் தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே போனார்.

அதிகாரி ஒரு நடுவயது அம்மாள். முகத்தில் களைப்பு இருந்தாலும் கடுமை இல்லை. உட்காரச் சொன்னார். ஒரு ரிஜிஸ்டரைத் திறந்து வைத்து, பேனாவை அவர் பக்கம் நீட்டினார். வாயைத் திறப்பதற்குள் கையெழுத்து வாங்கப் பார்க்கிறார்கள் என்று மாஸ்டருக்குப் பொறி தட்டியது. பேனாவை மரியாதையாகத் திருப்பித் தள்ளினார்.

"அன்னைக்கு நீங்க ஊதின மெஷின்..." என்று தொடங்கினார் அதிகாரி.

"மெஷின் மேல ஒரு குத்தமும் இல்லை மேடம். அது சரியாத்தான் சொல்லிச்சு. நான் குடிச்சது இருமல் மருந்து" என்று முதல் கடிதத்தை வைத்தார் மாஸ்டர்.

"அதில்லைங்க, நான் சொல்ல வர்றதே..."

சொல்லவிட்டால்தானே! முழங்கால் கடிதம் வந்தது. அதன் மேல் காது கடிதம் வந்தது. தடியைத் தூக்கிக் காட்டினார். அதிகாரி மேலும் இரண்டு முறை ஆரம்பித்துப் பார்த்தார். இரண்டு முறையும் மாஸ்டர் முந்திக்கொண்டார். கடைசியில் அந்த அம்மாள் ரிஜிஸ்டரை மூடிவிட்டு, மூன்று கடிதங்களையும் நிதானமாகப் படித்தார். முகம் மெல்ல மாறியது. அதைத் தன் வாதத்தின் எடை என்று மாஸ்டர் புரிந்துகொண்டார்.

"எந்த முழங்கால்?"

"வலது, மேடம்."

"பிரேக் மிதிக்கிற கால்?"

"அதே கால்தான். ஏழு வருஷமா. திடீர்னு ஜோடிச்சதில்லை."

"காது?"

"அதுவும் ரொம்ப நாளா."

அதிகாரி பேனாவை எடுத்து இரண்டு வரி எழுதினார். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி நீட்டினார். "நீங்க குடிக்கலைங்கிறதை முழுசா நம்புறேன்" என்றார்.

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. பதினேழு வருடப் பள்ளி பிழைத்தது. கும்பிட்டு வெளியே வந்தவர், மனைவிக்கு போன் போட்டு, ஜெயிச்சாச்சு, காரின் உறையை எடுத்துவிடு என்றார். அதற்குப் பிறகுதான் காகிதத்தைப் பிரித்தார்.

மது அருந்தியதற்கு ஆதாரம் இல்லை என்பது முதல் வரி. தூக்கம் வரவழைக்கும் மருந்துப் பழக்கம், வலது கால் தேய்மானம், செவித்திறன் குறைவு ஆகியவற்றை அவரே ஒப்புக்கொண்டதால் ஓட்டுநர் உரிமமும் பயிற்சி உரிமமும் நிரந்தரமாக ரத்து என்பது இரண்டாவது வரி.

கால் உண்மையாகவே தள்ளாடியது. அட்டெண்டர்தான் ஓடிவந்து பெஞ்சில் உட்கார வைத்தார். காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? ஊதுற மெஷின் பழுதுன்னு தெரிஞ்சு, அன்னைக்குப் புடிச்ச எட்டுப் பேருக்கும் லைசென்ஸைத் திருப்பிக் குடுக்கத்தான் இன்னைக்கு வரச் சொன்னது. மத்த ஏழு பேரும் வாயே திறக்காம கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்களே."