நாளைக்கே விட்டுவிடுகிறவர்

வாத்தியார்கள், தபால்காரர்கள், தாலுக்கா குமாஸ்தாக்கள் என்று எந்தக் கூட்டத்தில் கையை விட்டுத் துழாவினாலும் ஒன்றாவது அகப்படும் ஓர் இனம் உண்டு. உத்தியோகத்தை நாளைக்கே விட்டுவிடப் போகிறவர் இனம். நேற்றும் இவர் நாளைக்கே விடுவதாகத்தான் இருந்தார். பத்து வருஷத்துக்கு முன்னும் அப்படியே. நாளை வந்து சேராவிட்டால் பாவம், அவர் என்ன செய்வார்?

மாதிரிக்கு ஒருவரைப் பிடித்து வைத்திருக்கிறேன். பெயர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பத்திரப் பதிவு ஆபீசில் நகல் குமாஸ்தா. ஊரார் பதிந்த கிரயம், தானம், பாகப்பிரிவினை எல்லாவற்றையும் பெரிய புஸ்தகத்தில் எழுத்துப் பிசகாமல் திரும்ப எழுதுவது வேலை. வடக்கே இட்டேரித் தடம், தெற்கே இன்னார் காடு, கிழக்கே ஓடை, மேற்கே பாறை என்று பதினெட்டு வருஷமாக அடுத்தவன் நிலத்தையே சுற்றிச் சுற்றி வந்ததில், தம் பிறவி பாழாய்ப் போனதாக அவருக்கு ஓர் எண்ணம்.

"மனசுக்குப் பிடிச்ச வேலையச் செய்யாதவன் மனுசனுங்களா?" என்று பக்கத்து மேஜைச் சவரிராயனைக் கேட்பார். சவரிராயன் மை தொட்டுக்கொண்டே தலையாட்டுவார். அர்த்தநாரி, தாம் ஏர் பிடித்து மாட்டுக்குப் பின்னால் நடக்கப் பிறந்ததையும், விதி தம்மை நாற்காலியில் கட்டிப் போட்டதையும், அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை என்பதையும் விஸ்தாரமாகச் சொல்லி முடிக்கும்போது மணி ஐந்தாகியிருக்கும். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டு போவார். ராத்திரிச் சோற்றுக்கு அதுதான் தொட்டுக்கொள்ள. சாப்பிட்டுக் கை கழுவிய கால் மணியில் குறட்டை கேட்கும். மனம் நொந்தவர் விடுகிற குறட்டையா அது?

மனைவி செல்லாயி இத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மேட்டூரில் அணை கட்டி முடித்த வருஷம், அவள் அண்ணன் செங்கோட்டையனின் மூத்த மகன் தறி ஓட்டக் குமாரபாளையம் போய்விட்டான். காட்டு வெள்ளாமையைப் பார்க்க நம்பிக்கையான ஆள் இல்லை.

"ஏனுங்க, நாளைக்கே எழுதிக் குடுத்துப் போட்டு வாங்க" என்றாள் செல்லாயி. "எங்கண்ணன் ஊட்டுக் காட்டுக்கு ஆள் வேணுமாமா. உங்களுக்குப் பிடிச்ச வேலதானுங்களே."

கவளம் பாதி வழியில் நின்றது. ஆற்றில் விழப்போகிறேன் என்று தினம் சொல்கிறவனை ஒரு நாள் எண்ணெயும் சீயக்காயுமாகக் கரைக்கே கூட்டி வந்து விட்டால் எப்படி முழிப்பான்? அப்படி முழித்தார். முழங்கால் வலி என்றார். பஞ்சாங்கம் சரியில்லை என்றார். சர்க்கார் என்ன நினைக்கும் என்றுகூடக் கேட்டார். சர்க்கார் நினைக்காது என்றாள் செல்லாயி. கடைசியில் ஒரு மாச லீவு. ஒத்து வந்தால் ராஜினாமா என்று ஒப்பந்தமாயிற்று. லீவு முடிகிறவரை அவருடைய நகல்களைச் சவரிராயன் எழுதுவதாக ஏற்பாடு.

மச்சான் காட்டில் முதல் மூன்று நாள் சொர்க்கம்தான். நான்காம் நாள் செவ்வாய்க்கிழமை.

அந்தக் கிணறு செங்கோட்டையனுக்கும் அவன் பங்காளி சடையனுக்கும் பொது. இன்ன நாள் தண்ணீர் இன்னாருக்கு என்று பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இருக்கிறது. ஆனால் பங்காளிகள் இருவரும் வாய்ப்பேச்சிலேயே நாளை மாற்றிக்கொண்டு சமாதானமாக இறைத்து வந்தார்கள். அன்றும் சடையன் வெற்றிலை மென்றபடி, கிணற்றடியில் நின்ற செங்கோட்டையனோடு பேச வந்தான். அர்த்தநாரி இறைவை வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்து மாடுகளைச் சரிவில் ஓட்டிக்கொண்டிருந்தவர், சடக்கென்று பாதியில் நிறுத்தினார். தண்ணீர்ச் சால் கிணற்றுக்குள் அந்தரத்தில் தொங்கியது.

"மச்சான், இன்னிக்கித் தண்ணி நம்முளுது இல்லீங்க. செவ்வாயும் வெள்ளியும் சடையனுக்குப் பாத்தியம். நகல் நானே எழுதுனது."

அதோடு விட்டாரா? கண்ணை மூடிக்கொண்டு நாலு எல்லையும், ஏழு முழ வாய்க்காலும், மேட்டுப் புளிய மரமும் ஓர் எழுத்து விடாமல் ஒப்பித்தார். கஞ்சிக் கலயத்தோடு வந்த செல்லாயி அப்படியே நின்றுவிட்டாள். கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அந்தக் களை இருந்ததில்லை.

"அந்தப் புளிய மரமும் என்னுதுங்களா?" என்று கேட்டான் சடையன், மெல்லுவதை நிறுத்திவிட்டு.

மத்தியானத்துக்குள் தண்ணீரும் மரமும் பங்காளிகளுக்குள் தகராறாகி வடம் கழற்றப்பட்டது. மறுநாள் பேச்சு நின்றது. மூன்றாம் நாள் மிளகாய் நாற்றுத் தலை தொங்கிற்று. நான்காம் நாள் செங்கோட்டையன் வந்து நின்றான்.

"மாப்ள, கையெடுத்துக் கும்புடறனுங்க. நீங்க ஆபீசுக்கே போயிருங்க. இன்னும் ரண்டு பத்திரம் உங்களுக்கு ஞாபகம் வந்துதுன்னா ஊரே கோர்ட்டுலதான் நிக்கும்."

அவர் பஸ் ஏறிய மறுநாளே பங்காளிகள் பழையபடி இறைக்க ஆரம்பித்தார்கள் என்று கேள்வி. அர்த்தநாரி மிச்சமிருந்த மூன்று வார லீவை ரத்து செய்துவிட்டு, சவரிராயன் எழுதிய நகல்களை எடுத்துப் பார்த்து, ஓரிடத்தில் கிழக்கு விட்டுப் போனதைக் கண்டுபிடித்து, அரை நாள் அவரை வறுத்தெடுத்து, பரம திருப்தியோடு வீடு திரும்பினார்.

"இப்பவாச்சும் ஆபீசு பிடிக்குதுங்களா?" என்றாள் செல்லாயி.

திருட்டுப் பட்டம் கட்டியது போல் அவருக்கு ரோஷம் வந்தது. "பிடிக்கிறதாவது?" என்று எழுந்தே போய்விட்டார். ஒப்புக்கொண்டால் அப்புறம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு எதைச் சொல்லிப் புலம்புவது?

வேலையை நேசித்தால்தான் வாழ்வு நிறையுமா என்று படித்தவர்கள் விவாதிக்கட்டும். அர்த்தநாரிக்கு அதற்கெல்லாம் நேரமில்லை, நாளைக்கு ராஜினாமா.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்களுக்கு அடுத்த நாற்காலிக்காரரும் இதே பக்கத்தைப் படிக்கிறார் என்று வையுங்கள். படித்து முடித்துத் தலையைத் தூக்கியதும், அவர் யாரைப் பார்ப்பார்?