ஏழு நாள் நாணயம்

ஏழு நாள் பணக்காரனாக வாழ்ந்துவிடுவது என்று முடிவு செய்தேன். சும்மா இல்லை. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, பல் தேய்க்கும் பிரஷ்ஷைக் கையில் பிடித்துச் சத்தியமே செய்தேன். வாயெல்லாம் நுரை. சத்தியம் சரியாக வெளியே வரவில்லை. அதனால்தான் பலிக்கவில்லையோ என்னவோ.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். நான் மின்சார ஆபீஸில் மீட்டர் பார்ப்பவன். என் மனைவி தையல்காரி, மீட்டர் மீட்டராக வெட்டுபவள். வீட்டில் இரண்டு மீட்டர் இருந்தும் ஓடுவது அவளுடையது மட்டும்தான். என் சம்பளம் பேங்கில் விழும். பேங்க் கார்டு அவளுடைய பொத்தான் டப்பாவில் விழும். அந்த டப்பாவைத் தொட்டால் போதும், ஐந்நூறு பொத்தானும் ஒன்றாகக் கலகலத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

இருபத்திரண்டு வருஷமாக நான் கடையில் வாங்கிய துணி போட்டதில்லை. வாடிக்கைக்காரர்கள் விட்டுப்போன மிச்சத் துணியில்தான் எனக்குச் சட்டை. இதோ, இப்போது போட்டிருக்கும் சட்டையின் முதுகு, பக்கத்துத் தெரு பல் டாக்டர் வீட்டு ஜன்னல் திரை. அவர் வீட்டுக்கு மீட்டர் பார்க்கப் போனால் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டுதான் நடப்பேன். சட்டையில் பாக்கெட் உண்டு. ஒரு பேனா நிற்கும் அகலம். பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டை மடித்துச் செருகினால் நோட்டு எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்ப்பதை அவள் பார்த்துவிடுவாள்.

எனக்கு இந்த ஜென்மத்தில் ஒரே ஆசை. கடையில் வாங்கிய கோட். அதுவும் உள்பாக்கெட் வைத்த கோட். எங்கள் மேலதிகாரி போட்டிருக்கிறார். பேசிக்கொண்டே நெஞ்சுக்குள் கைவிட்டுப் பர்ஸை எடுப்பார் பாருங்கள், அந்த ஒரு நொடியில் எதிரே நிற்பவன் தானாக அரை அடி குனிந்துவிடுவான். அப்படி ஒருமுறை நெஞ்சுக்குள் கைவிட வேண்டும். கைக்கு ஏதாவது தட்டுப்பட வேண்டும்.

இந்த நேரத்தில்தான் வெளிநாட்டில் இருக்கும் கொழுந்தியாள் புது வீடு வாங்கினாள். ஒரு வாரம் வந்து தங்கிவிட்டுப் போங்கள் என்று டிக்கெட்டும் அனுப்பிவிட்டாள். எனக்கு மூளையில் பளிச்சென்று விளக்கு எரிந்தது. நம் ஊர்க் காசு என்றால் மனைவிக்கு அடிமுதல் நுனிவரை தெரியும். அவளுக்குத் தெரியாத காசாக இருந்தால்?

எந்தக் காசைக் கொண்டுபோவது என்று அன்றைக்கே வீட்டில் மாநாடு கூடியது. மாநாடு என்றால் அவள் தையல் மெஷினில், நான் தரையில்.

"தங்கச்சி வீட்டுக்காரர் கார்டு போதும்னு சொல்றாருங்க. எங்க போனாலும் தேய்ச்சுக்கலாமாம்."

"கார்டா? தேய்ச்சுத் தேய்ச்சுக் காசு தேய்ஞ்சுபோயிடும்."

உண்மைக் காரணம் வேறு. கார்டைத் தேய்த்த மறுநொடி அவள் போனில் 'டிங்' என்று தகவல் வரும். என் சகலைக்கு அந்த டிங்கின் வலி தெரியாது. கொடுத்துவைத்தவர்.

"அப்ப டாலரா வாங்கிட்டுப் போயிடலாமா?"

"டாலர் ரேட்டு காய்கறிக்காரருக்குக்கூடத் தெரியுமே," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"தெரிஞ்சா நல்லதுதானே."

"நல்லதுதான். ஆனா அங்க போய் மறுபடியும் மாத்தணும். ரெண்டு தடவை மாத்தினா ரெண்டு தடவை கமிஷன். விசாரிச்சுட்டு வரேன், அவசரப்படாதே."

மறுநாள் விசாரிக்கப் போனேன். பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடிப்படிக்கு அடியில், 'நாணய மாற்றம்' என்று போர்டு தொங்கும் கடை. என் நாணயம் மாறியதும் அங்கேதான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். வயிற்றில் பாதி மேஜைக்கு மேலே, மீதி மேஜைக்குக் கீழே. நான் போகும் நாட்டைச் சொன்னேன். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினேன்.

"டாலரா, அந்த நாட்டுக் காசா, எது கணக்குப் போடக் கஷ்டம்?"

"எது லாபம்னு கேக்கறீங்களா சார்?"

"லாபம் கிடக்கட்டும். பக்கத்துல நிக்கறவங்களுக்குச் சட்டுனு விலை புரியக்கூடாது."

"பக்கத்துல யார் சார் நிப்பாங்க?"

"வீட்டுல உள்ளவங்க."

அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். என்னை என்றால் என் சட்டைக் காலரை.

"அந்த நாட்டுக் காசே வாங்குங்க சார். ஒண்ணுக்கு ரெண்டு புள்ளி அம்பத்திநாலு. யாருக்கும் புரியாது. சட்டை எங்க தைச்சது?"

"வீட்டுல."

"தையல் பிரமாதம்," என்றார். பாராட்டுகிறாரே என்று சந்தோஷமாகத் திரும்பி வந்தேன்.

என் மனைவியிடம் ஒரு பழக்கம். வாடிக்கைக்காரர்கள் யாருக்கும் அவளிடம் பெயர் கிடையாது. எல்லாரும் அளவுதான். டீச்சர் ஒருவர் 'முப்பத்தெட்டு மார்பு'. தபால்காரர் 'இருபத்தெட்டு கால்'. பெற்ற அம்மா வைத்த பெயரெல்லாம் எங்கள் வாசல்படியோடு சரி. நானும் அவள் நோட்டில் 'முப்பத்திநாலு, தோள் கொஞ்சம் இறக்கம்' என்றுதான் இருக்கிறேன். தோள் ஏன் இறங்கியது என்று அந்த நோட்டில் எழுதவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், கட்டி வைத்திருந்த பொட்டலம் ஒன்று குறைந்திருந்தது.

"யார் வந்தது?"

"நாப்பத்தாறு இடுப்பு. பேன்ட் வாங்கிட்டுப் போனாரு. பேசிக்கிட்டே இருந்தாரு, பாவம், நல்ல மனுஷன்." நூலைக் கடித்தாள். "ஏங்க, நான் யோசிச்சுப் பார்த்தேன். டாலரே வாங்கிடுங்க. அந்த நாட்டுக் காசு வேண்டாம். எனக்குப் புள்ளி வச்ச கணக்கே வராது. அங்க வந்து உங்களையே கேட்டுக்கிட்டு நிக்கணும்."

என்னையே கேட்டுக்கொண்டு நிற்க வேண்டுமாம். இருபத்திரண்டு வருஷத்தில் என் காதில் விழுந்த மிக இனிமையான வாக்கியம் அதுதான். மறுநாளே அவள் எண்ணிக் கொடுத்த பணத்தையெல்லாம் அந்த நாட்டு நோட்டாக மாற்றிக்கொண்டு வந்தேன். நீல நிறம். மொடமொடவென்று இருந்தது. அவள் முகத்தை வாடியதுபோல் வைத்துக்கொண்டாள்.

"வாங்கிட்டீங்களா? சரி, ஒண்ணுக்கு எவ்வளவுங்க?"

"சொல்றேன், நிதானமாக் கேளு. ரேட்டு ரெண்டு புள்ளி அம்பத்திநாலு. புள்ளிக்கு அப்புறம் வர்றது சில்லறை. அங்கெல்லாம் சில்லறையை மதிக்கவே மாட்டாங்க. விட்டுடணும். மிச்சம் எவ்வளவு?"

"ரெண்டு."

"நாம எத்தனை பேர் போறோம்?"

"ரெண்டு."

"அப்ப ரெண்டால வகுக்கணும். ஆக, ஒண்ணுக்கு ஒண்ணு."

"ஓகோ. ஆளைப் பொறுத்து மாறுமா? நீங்க தனியாப் போனா?"

"ரெண்டு மடங்கு ஆயிடும். அதுக்குத்தானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

வாயில் நாலு குண்டூசியைக் கவ்வியிருந்தாள். முகம் ஒரு மாதிரி கோணியது. கணக்கு புரியாத வேதனை என்று எடுத்துக்கொண்டேன். பாவமாகக்கூட இருந்தது.

போய்ச் சேர்ந்தோம். முதல் நான்கு நாளும் நான் ராஜா. நோட்டு என் பேன்ட் பாக்கெட்டில். பஸ் டிக்கெட் நான் எடுத்தேன், காபி நான் வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும், "நம்ம காசுக்கு எவ்வளவுங்க?" என்று பயபக்தியோடு கேட்டாள். "அதே அளவுதான்," என்று சொல்லிச் சொல்லி என் தோள்கூடக் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. சகலை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எப்படி சகலை?" என்று கேட்டார். "அதெல்லாம் ஒரு கலை," என்றேன்.

ஐந்தாம் நாள் கடைவீதியில் அந்தக் கோட்டைப் பார்த்தேன். சாம்பல் நிறம், கெட்டித் துணி. போட்டுப் பார்த்தேன். இடது பக்கம் நெஞ்சுக்குள் கைவிட்டேன். வழுவழுவென்று பட்டுத்துணியில் உள்பாக்கெட். முழுக்கையும் உள்ளே போயிற்று. கண் கலங்கிவிட்டது, நிஜமாகச் சொல்கிறேன். விலைச்சீட்டில் நாலாயிரத்து எண்ணூறு என்று போட்டிருந்தது.

"நம்ம காசுக்கு எவ்வளவுங்க?"

"அதே நாலாயிரத்து எண்ணூறுதான். கொள்ளை மலிவு."

"அப்படியே நில்லுங்க, அசையாதீங்க," என்று கைப்பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்தாள். தோள் அளந்தாள். கை அளந்தாள். முதுகு, நீளம், காலர், உள்பாக்கெட்டின் ஆழம்வரை அளந்தாள். பொருத்தம் பார்க்கிறாள் என்று நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். விற்பனைப் பெண்கூடப் புன்னகையோடு பை எடுக்கப் போனாள். கடைசியாக என் மனைவி டேப்பை விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"விலைச்சீட்டை எதுக்கு அளக்கறே?"

"நாப்பத்தெட்டு இன்ச்." டேப்பை நாற்பத்தெட்டில் விரலால் கிள்ளிப் பிடித்து மறுபக்கம் திருப்பினாள். "இந்தப் பக்கம் நூத்தி இருபத்திரெண்டு சென்டிமீட்டர். ரெண்டு சைபர் சேர்த்துக்கோங்க. நம்ம காசுக்குப் பன்னிரண்டாயிரத்து இருநூறு."

நான் குனிந்து டேப்பின் இரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தேன்.

"ஒரு இன்ச்சுக்கு ரெண்டு புள்ளி அம்பத்திநாலு சென்டிமீட்டருங்க. பதினாறு வயசிலேருந்து இந்த டேப்புதான் என் கழுத்துல கிடக்கு. ஒரு பக்கம் அவங்க காசு, மறுபக்கம் நம்ம காசு. உங்களுக்குச் சிரமமே வேண்டாம்னு தெய்வமா பார்த்து ரேட்டு போட்டிருக்கு."

"புள்ளி வச்ச கணக்கு வராதுன்னியே."

"வரும்னு சொல்லியிருந்தா டாலர்ல மாத்தியிருப்பீங்க. அந்த ரேட்டு காய்கறிக்காரருக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது."

"இந்த ரேட்டு மட்டும் எப்படித் தெரியும்?"

"நாப்பத்தாறு இடுப்பு சொன்னாரு. மாடிப்படிக்கு அடியில கடை வச்சிருக்காரே, அவருதான். 'அக்கா, சார் வந்து எந்தக் காசு உங்களுக்குப் புரியாதுன்னு கேட்டாரு, காலரைப் பார்த்ததுமே உங்க தையல்னு தெரிஞ்சுபோச்சு, அதான் உங்க டேப்புக்கு ஏத்த காசாச் சொல்லி அனுப்பினேன்'னாரு. பேன்ட்டுக்குக் கூலியே வாங்கலை நான்."

கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். உள்பாக்கெட்டிலிருந்து கையை எடுக்கத்தான் கொஞ்சம் நேரமாயிற்று.

"மிச்ச நோட்டைக் குடுங்க. சுமந்து சுமந்து உங்களுக்குத் தோள் ஏறிப்போயிருக்கு."

கொடுத்தேன். அடுத்த தெருவில் இருந்த துணிக்கடைக்கு அவள் போனாள், பின்னாலேயே நான் போனேன். அதே சாம்பல் நிறத்தில் இரண்டரை மீட்டர் துணி வெட்டச் சொன்னாள். பேரம் பேச அவளுக்குப் பாஷை தேவைப்படவில்லை, டேப் போதுமாக இருந்தது. மீதிப் பணத்துக்கு ஒரு துணி ஓரம் அடிக்கும் மெஷின் வாங்கினாள். திரும்பி வரும்போது விமானத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் கோட் தயார். பொய் சொல்லக்கூடாது, கடைக் கோட்டைவிட ஒரு படி மேல். கண்ணாடி முன்னால் போட்டுக்கொண்டு நின்றேன். மேலதிகாரி மாதிரியே இருந்தேன். அவள்மேல் இருந்த கோபமெல்லாம் கரைந்துபோய், நல்ல வார்த்தை நாலு சொல்லலாம் என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஸ்டைலாக நெஞ்சுக்குள் கையை விட்டேன்.

கை வழுக்கிக்கொண்டு நேராக இடுப்புக்குப் போய்விட்டது.

"ஏம்மா, உள்பாக்கெட் எங்கே? கடைக் கோட்டுல இருந்துதே. நீயே ஆழம்வரைக்கும் அளந்தியே."

"அளந்தேன். வெட்டியும் வச்சேன். அப்புறம்தான் யோசிச்சேன்." ஊசியில் நூல் கோத்தபடியே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்: "வைக்கறதுக்கு உங்ககிட்ட என்னங்க இருக்கு?"